தேன் பாட்டிலில் வைத்த பாதி

நான் ஓய்வு பெற்றபோது வெளிநாட்டிலிருந்து வந்த மகன் ஒரு வைன் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனான். தென்னூர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் அதைத் திறந்தோம். ஆளுக்கு அரை டம்ளர் குடித்தோம். மீதியில் பாதியை அவள் கழுவிக் காயவைத்த தேன் பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி இறுக்கி மூடினாள்.

“காத்து பட்டாதாங்க கெட்டுப்போகும்.”

“இதென்ன ஊறுகாயா?” என்று எரிந்து விழுந்தேன். என் பங்கைப் பெரிய பாட்டிலிலேயே விட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை அது முதல் நாளைவிட நன்றாக இருந்தது. அவளிடம் பீற்றிக்கொண்டேன். புதன்கிழமை வாயில் வைக்க முடியாத புளிப்பு. அவள் சிரித்தாளே தவிர, தன் பாட்டிலைத் திறக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் குடிக்கலாம். அதுவரைக்கும் கை வைக்காதீங்க.”

வெள்ளிக்கிழமை காலை துணி உலர்த்தப் போனவள் மொட்டைமாடியிலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் அஸ்தியைக் கரைத்தோம்.

செவ்வாய்க்கிழமை, சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் அந்தத் தேன் பாட்டில் இருந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். புளித்திருந்தால் கொட்டிவிட்டுப் போயிருப்பேன்.

கொஞ்சம்கூடப் புளிக்கவில்லை.