எந்த ஊர் கோமதி

எங்கள் தனியார் மருத்துவமனைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, ஓ.பி. கவுண்டரில் எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். வந்த முதல் நாளே அவமானப்பட்டேன்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கோமதி அம்மன் பெயர் வைக்காத குடும்பம் குறைவு. கோமதி என்று தேடினால் திரை நிறைய கோமதிகள் வருவார்கள். பெயரும் வயதும் மட்டும் இருக்கும். பழைய நோட்டில் ராயகிரி கோமதி, புளியங்குடி கோமதி என்று ஊரைச் சேர்த்தே எழுதுவோம். ஊர் இல்லாமல் ஆளைப் பிடிக்க முடியாது என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"எல்லாரும் பழகுதாங்க. உமக்கு மட்டும் என்ன வே கஷ்டம்?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்லவில்லை.

மெதுவாகப் பதிவு போடுகிறவர்கள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஆரம்பித்தார்கள். அதற்குப் பயந்து, யார் போட்ட பதிவு என்று தெரியாதபடி கவுண்டரில் மூன்று பேரும் ஒரே பாஸ்வேர்டில் வேலையை ஓட்டினோம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்கும் பழக்கமும் வார்டில் போய்விட்டது. எல்லாம் திரையில் இருக்கிறதே.

ஒரு திங்கட்கிழமை காலை, நல்ல கூட்டம். காய்ச்சலில் துவண்ட மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி ஒருவர் "ராயகிரி கோமதி" என்று தெளிவாகத்தான் சொன்னார். நான் அதே வயதுள்ள வேறொரு கோமதியின் பதிவைத் திறந்து உள்ளே அனுப்பிவிட்டேன். அதில் மருந்து அலர்ஜி 'இல்லை' என்றிருந்தது. அதைப் பார்த்து நர்ஸ் செல்வி ஊசி போட்டாள். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டியது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், ஒரு வாரம் ஐ.சி.யூ.வில் வைத்துப் பிழைக்கவைத்தார்கள்.

விசாரணையில், ஊசி போட்டது யார் என்ற கட்டத்தில் செல்வியின் பெயர் இருந்தது. பதிவைத் திறந்தது யார் என்று மேனேஜர் கேட்டார். ஒரே பாஸ்வேர்டு என்பதால் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கே செல்வியை நிறுத்திவிட்டார்கள். தறிக்குப் போக முடியாமல் படுத்திருந்த அவள் அப்பாவுக்கு அந்தச் சம்பளம்தான் கஞ்சி.

பையை எடுத்துக்கொண்டு போகிறவள் கவுண்டரில் நின்றாள்.

"நீங்க தொறந்ததுன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன்."

அடுத்த மாதம் திரையில் ஊர்ப் பெயரும் வந்தது. தன் யோசனை என்றார் மேனேஜர். நான் அதற்கும் தலையாட்டினேன்.

இன்று கவுண்டரில் உட்காருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு தடவை சிரித்துவிட்டார்கள் என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அப்படியே பழகிவிடும். செல்விக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.