துணைக்கு வந்த மனிசன்

சச்சிதானந்தனுக்கு மலை ஆகாது. வீட்டில் பல்ப் மாற்ற ஏணியில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். ஆனாலும் பெண்சாதி பவளம் மலை ஏறப் புறப்பட்டால் அவரும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு காரில் ஏறிவிடுவார். "தனியப் போகேலாது. துணைக்கு வாறன்" என்பார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்தத் துணை இல்லாமல் அவள் சந்தைக்குக்கூடப் போனதில்லை.

பவளம் சிட்னியில், செவன் ஹில்ஸில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிறவள். சீனி வருத்தம் வந்ததும் டொக்டர் நடக்கச் சொன்னார். வீட்டைச் சுற்றி நடந்தவள் பூங்காவுக்குப் போனாள், பிறகு ஒரு நடைக்குழுவில் சேர்ந்து ப்ளூ மவுண்டன்ஸ் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கேதான் மவுண்ட் சொலிட்டரி மேல் அவளுக்கு ஆசை விழுந்தது. பிள்ளைகளுக்காகவும் இல்லை, புருசனுக்காகவும் இல்லை, தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அந்த உச்சி ஒன்றைத்தான்.

உச்சிக்குப் போகிற முகடு மிக ஒடுக்கம். கத்தி விளிம்பு என்றே அதற்குப் பெயர். இரண்டு பக்கமும் பள்ளம், கையும் காலும் ஊன்றிப் பாறை பாறையாக ஏற வேண்டும். 2010இல் முதல் பாறையைக் கண்டதுமே சச்சிதானந்தன் குந்திவிட்டார். "கவனம் பவளம், கவனம்" என்று கத்தினாரே தவிர ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. குழுவில் யாரையும் தனியே திருப்பி அனுப்பமாட்டார்கள், கூட ஒருவர் போயாக வேண்டும். யார் போவது? பெண்சாதிதான்! பவளம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். அடுத்த வருடமும் அதே பாறை, அதே குந்தல்.

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் அவள் கொட்டித் தீர்த்தாள். "இந்த மனிசன் வராட்டி நான் எப்பவோ மேல நிண்டிருப்பன்."

2012இல் அவருக்கு இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. "நீர் போட்டு வாரும்" என்றார் படுக்கையில் இருந்தபடி. பவளத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாவம் என்றுகூட நினைக்காமல் புறப்பட்டுவிட்டாள்.

முதல் பாறையில் சரசரவென்று ஏறினாள். இரண்டாவதில் கை வைத்தபோது பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கவனம் என்று சொல்ல ஆள் இல்லை. அப்போதுதான் கீழே பார்த்தாள். பாறையோடு ஒட்டிக்கொண்டாள். பிடித்த கையை எடுக்க முடியவில்லை. இவ்வளவு நாளும் பயப்படுகிற வேலையை அந்த மனிசன் பார்த்துக்கொண்டார், அவள் எரிச்சல்பட்டால் மட்டும் போதுமாக இருந்தது. இன்றைக்குப் பயப்படுகிற வேலையும் அவள் தலையில்.

குழுத்தலைவிதான் கையைப் பிடித்து இறக்கினாள். இனி யார் இவளோடு திரும்புவது? நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரர் முன்னால் வந்தார். "நோ வொரிஸ்" என்றார். வாய்தான் சொன்னது. திரும்பி வந்த வழி முழுக்க முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே நடந்தார். அந்த முகத்தைப் பவளத்துக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாக அவளே தூக்கிக்கொண்டு திரிந்த முகம் அது. அவமானத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சச்சிதானந்தன் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏறினீரே?"

"இல்லை. பயம் வந்திட்டுது."

அவர் சிரிக்கவில்லை. நாரியைப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சிரித்திருந்தாலாவது அவள் சண்டை பிடித்திருப்பாள்.

"அடுத்த முறை நீங்களும் வாங்கோ" என்றாள்.

"ஐயோ, நான் மாட்டன். பெண்சாதியை ஏன் மறிக்கிறாய் எண்டு கோயில்ல சிவமணி கேட்டவன். வெக்கமாப் போச்சு. இனி நீர் தனியப் போட்டு வாரும்."

"நீங்கள் வந்தாத்தான் எனக்கு ஏறேலும்!"

"சும்மா விடும். என்ர மனம் நோகக் கூடாதெண்டு சொல்லுறீர்."

"இல்லையப்பா, உண்மையாத்தான்."

அவர் நம்பவில்லை. இரவுச் சாப்பாடு வரைக்கும் அவள் மன்றாடினாள், கோபித்தாள், கோப்பையை டொக்கென்று வைத்தாள். கேளாமலே எங்கேயும் கூட வந்த மனிசன், கெஞ்சிக் கேட்டபோது வரமாட்டேன் என்றுவிட்டார்.