உலைக்கும் மாத்திரைக்கும் நடுவே

என் விந்தணு அறிக்கையை மருத்துவர் இரண்டு நிமிடங்களில் படித்து முடித்தார். எண்ணிக்கை குறைவு, அசைவும் குறைவு. மூன்று மாதங்களுக்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை, கூடவே மாதுளையும் பாதாமும். மாத்திரை அந்த மருத்துவமனையின் கீழ்த்தள மருந்துக்கடையில் மட்டுமே கிடைக்கும் என்றதும் எனக்குச் சந்தேகம் தட்டியது.

"இதச் சாப்பிட்டா குழந்தை உண்டாகுமா டாக்டர், இல்ல ரிப்போர்ட் மட்டும் நல்லா வருமா?"

"சிலருக்கு ஹெல்ப் பண்ணுது. உறுதியா சொல்ல முடியாது. கெடுதல் இல்ல, சாப்பிடுங்க."

கெடுதல் இல்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. என் மனைவிக்கு முப்பத்தேழு வயது. வீணாகும் மூன்று மாதங்களும் அவளுடையவை. ஆயினும் விழுங்கினேன்.

பெங்களூரின் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில், அலுமினியம் உருக்கும் உலைப் பிரிவில் நான் பொறியாளன். ஒரு மதியம் உடைமாற்றும் அறையில், உலை இயக்கும் தொழிலாளியின் பையில் அதே மாத்திரை டப்பாவைக் கண்டேன். விவேக் நகர்க்காரர், மணமாகி நான்காண்டுகள். மறைக்கப் பார்த்தவர் பிறகு சிரித்தார்.

"வீட்ல கண்ணுக்கு மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கேன் சார். எங்கம்மா அத நம்பி தெனம் கேரட்டா போட்டுக் கொல்றாங்க."

"எனக்கும் அதே கண்ணு வியாதிதான்."

சிரிப்பு நின்றது. "இங்கருந்து வேலைய விட்டுப் போன ரெண்டு பேருக்கும் இதே கததான் சார். போனப்புறம் ஒருத்தருக்குக் கொழந்த பொறந்துச்சு. நாங்க சும்மா ஜோக்கா பேசிப்போம்."

என் சந்தேகம் மருந்துக்கடையை விட்டு, விந்தணுவைக் குறைக்கக்கூடிய உலை வெப்பத்துக்கு நகர்ந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாத்திரை விழுங்குபவன் தன் வேலையைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அந்த வசதி எனக்கும் பிடித்திருந்தது.

நால்வரின் கதை சான்றாகாது என்பதை அறிவேன். எழுதிக் கொடுத்தால் நிர்வாகம் வெப்பத் தடுப்பு அமைக்கலாம்; பேசியவர்களை வீட்டுக்கு அனுப்பவும் செய்யலாம். இதையெல்லாம் மனைவியிடம் அடுக்கினேன்.

"யோசிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கயேதான் நிப்பீங்களா?" என்றாள்.

இடமாற்றமும் உலைக்குத் தடுப்பும் கேட்டு, காரணத்தை மறைக்காமல், என் பெயரில் மட்டும் விண்ணப்பம் எழுதினேன். மேலாளர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்டயாவது பேசுனீங்களா?"

"என் மனைவிகிட்ட மட்டும்," என்றேன், அந்தத் தொழிலாளியை இழுக்காமல்.

அடுத்த வாரமே இடமாற்றம் கிடைத்தது. தடுப்பைப் பற்றிப் பதில் இல்லை. என் இடத்துக்கு, தை மாதம் மணமாகவிருந்த ஒருவரை அனுப்பியிருந்தார்கள். பொறுப்பை ஒப்படைக்கும்போது அவரைத் தனியே அழைத்து, நான் ஏன் போகிறேன் என்பதைச் சொன்னேன்.