கோல் அடித்தவனுக்குச் சோடா

ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்கள் தங்கள் ஆட்டப் பருவம் தொடங்குமுன் கால்களை இளக்கிக்கொள்ள ரொறன்ரோவுக்கு வரும். நாலு கழகங்கள், ஒரு சுற்றுப்போட்டி. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், நான் பாத்திரம் கழுவிய உணவகத்தின் முதலாளி தனக்கு வேண்டாத இரண்டு டிக்கெட்டுகளைத் தந்தார். நகரின் கிழக்குப் புறத்தில், வோபர்னில், என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணையைக் கூட்டிப்போனேன். அடுத்த கிழமை அவருக்கு அகதி வழக்கு விசாரணை. அது சரிவந்தால்தான் மன்னாரிலிருந்து மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம். மனிதர் நித்திரையில்லாமல் திரிந்தார்.

ஆட்டம் மந்தமாக நடந்தது.

"உவங்கள் என்ன, சாப்பிட்டிட்டு உலாத்துறாங்களோ?" என்றார் அண்ணை.

பிறகு ஒருவன் தலையால் தட்டி ஒரு கோல் போட்டான். சிலர் கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன், பக்கத்துக் கதிரை காலி.

எங்கள் ஊர் மைதானங்களில் வேலி கிடையாது. கோல் விழுந்தால் யாராவது ஒரு சோடாவோடு உள்ளே ஓடி அடித்தவனுக்குக் கொடுப்பார்கள். அவன் குடித்து முடிக்கும்வரை நடுவர் காத்திருப்பார். இங்கே அண்ணை, தான் குடிக்க வாங்கியிருந்த கோலாச் சோடாவோடு மைதானத் தடுப்பைத் தாண்டியிருந்தார். ஆட்டக்காரன் அவரையும் கோலாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தான். அதற்குள் இரண்டு பொலிஸ்காரர் அண்ணையின் கைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துவிட்டார்கள்.

பார்வையாளர் மேடைக்குக் கீழே ஓர் அறையில் அவரை இருத்தினார்கள். நானும் பின்னால் போனேன்.

"தம்பி, கேஸ் முடிஞ்சுதடா. மனிசிக்கு நான் என்னெண்டு சொல்லுவன்?"

உணவகக் குசினியில் பழகிய ஆங்கிலத்தில் சோடா விஷயத்தை விளக்கினேன். மூத்த பொலிஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். உங்கள் ஊரில் பயிற்சி ஆட்டத்துக்கும் இப்படித்தானா என்றார். அண்ணைக்குச் சொன்னேன்.

"பயிற்சியோ? பிறகேன் டிக்கெட் விக்கிறாங்கள்?"

அதையும் மொழிபெயர்த்தேன். பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்.

இதைப்பற்றி வாயே திறக்கக்கூடாது என்று அண்ணையின் அகதி வழக்கைப் பார்த்த வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். அண்ணைக்கு அது சரியாகப் படவில்லை. "அவையள் கண்டுபிடிக்க முன்னம் நாங்களாச் சொல்லிப்போட வேணும்." விசாரணையில் பெயரைக் கேட்டதும் பெயரைச் சொன்னார், தொடர்ந்து சோடாவைச் சொன்னார். அதிகாரி கடைசிவரை கேட்டுவிட்டு, இனி மன்னாரைப்பற்றிச் சொல்லுங்கள் என்றாராம்.

இரண்டு குளிர்காலம் கழித்து அவரை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் வந்து இறங்கியபோது நான் வேறு வேலைக்காக மொன்றியலுக்குப் போயிருந்தேன். கடைசிப் பிள்ளைக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்று அண்ணை தொலைபேசியில் சொன்னார்.