அப்பாவுக்கு இழவு விழுந்த இல்லம்

மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லம் ஆயர் குரோவில் இருக்கிறது. அம்மாவுக்கு அப்பாவின் முகமே தெரியாமல் போனபிறகுதான் அங்கே சேர்த்தோம். சேர்த்த அன்றே நர்ஸ் அம்மாவின் தாலிச் சங்கிலியைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"ரூல்ஸ்லா அக்கா. தூக்கத்துல கழுத்தை இறுக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

அவளும் தமிழ்ப் பெண்தான். எப்படி மனசு வந்தது என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. அப்பா என் கையை அழுத்தினார்.

"விடும்மா. அவளோட நல்லதுக்குத்தானே சொல்றாங்க."

அடுத்த வாரம் நானும் அப்பாவும் எங்கள் ஊரான சிம்பாங் அம்பாட்டிலிருந்து போனோம். அம்மா நெற்றியில் பொட்டில்லை. கையிலிருந்தது பிளாஸ்டிக் வளையல், உடையவில்லை. கட்டில் கம்பியில் அடித்து அடித்து மணிக்கட்டுதான் வீங்கியிருந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்திருக்கிறாள். தாலி இல்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். பாழாய்ப்போன நோய் புருஷனின் முகத்தைத் தின்றது, இதை மட்டும் விட்டுவைத்தது.

அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஐயா, என் வீட்டுக்காரரு போய்ட்டாரு. எனக்கு மொகத்தக்கூட காட்டாம எடுத்துட்டாங்க" என்று அவரிடமே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நான்தான்டி. உயிரோடதான் இருக்கேன்."

"எழவு வீட்டுல வந்து வெளையாடுறீங்களா?"

அழுது ஓய்வாள், மறப்பாள், மறுபடி கழுத்தைத் தொடுவாள். ஒவ்வொரு முறையும் புதுச் சாவு. "ஜூஸ் குடிக்கிறீங்களா ஆன்ட்டி?" என்று நர்ஸ் கொஞ்சியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இல்லத்துக்காரர்களிடம் சண்டை போட்டு, இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய நூலில் தாலி என்றால் போடலாம் என்று சம்மதம் வாங்கினேன். அந்த ஞாயிறு அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். நூலில் மஞ்சள் பூசி, மஞ்சள் கிழங்குத் துண்டைக் கோத்து, அவள் கழுத்தருகே கொண்டுபோனார்.

அம்மா அவர் முகத்தில் காறித் துப்பினாள்.

"அவரு கருமாதிகூட முடியல. அதுக்குள்ள தாலி கட்ட வந்துட்டியா? நாசமாப் போவ!"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இல்லத்து நிர்வாகி எங்களை உட்கார வைத்து நெளிந்து நெளிந்து பேசினார். கொஞ்ச நாளைக்கு அங்கிள் வராமல் இருந்தால் ஆன்ட்டிக்கு நல்லதாம். நான் மேசையைத் தட்டிக் கத்தினேன். அப்பா எழுந்து காருக்குப் போய்விட்டார்.

சில வாரம் கழித்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நர்ஸ் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"குட் நியூஸ் அக்கா. அம்மா இப்ப அழறதே இல்ல. வீட்டுக்காரரு செத்து ரொம்ப நாளாச்சுன்னு அவங்களே சொல்றாங்க. நல்லா சாப்பிடுறாங்க."

அப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

"சாப்பிடுறாளாமா?"

"ஆமாம்பா."

"அப்ப என்னை இனிமே அங்க கூட்டிட்டுப் போகாதம்மா. நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."