வெண்ணெயா, சந்தனமா

திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் பனியன் துணியின் நிறம் பார்ப்பது என் பிழைப்பு. வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய மாதிரித் துண்டோடு எங்கள் துணி ஒத்துப்போனால் 'ஓகே' என்று சீல் குத்துவேன். அந்த சீலுக்கு இருப்பதை விட அதைப் பிடித்திருக்கும் கைக்குத் திமிர் அதிகம்.

புது வீட்டு ஹாலுக்கென்று மனைவி இரண்டு பெயிண்ட் அட்டைகளை நீட்டினாள். ஒன்று வெண்ணெய் நிறம், இன்னொன்று சந்தனம். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் இரண்டென்றே தெரியும். பதினோரு வருஷமாக வாடகை வீடுகளில், வீட்டுக்காரர் அடித்து வைத்த நிறத்துக்குள்ளேயே குடித்தனம் செய்தவள். இந்த ஹாலாவது தன் இஷ்டப்படி இருக்க வேண்டும் என்று ஆசை. அவளுக்குப் பிடித்தது வெண்ணெய்தான். என்னைக் கேட்டது ஒரு மரியாதைக்கு. அது புரியாமல் அட்டைகளைப் பட்டறைக்கே தூக்கிப் போனேன்.

நிறம் பார்க்க அங்கே ஒரு பெட்டி உண்டு. ஒரு பொத்தானுக்கு வெயில், ஒன்றுக்கு வீட்டு பல்பு, ஒன்றுக்கு எங்கள் துணி விற்கும் வெளிநாட்டுக் கடை விளக்கு. பழகிய விரல் கடை விளக்கைத்தான் போட்டது. வெண்ணெயில் லேசாகப் பச்சை அடித்தது, சந்தனம் ஜொலித்தது. சந்தன அட்டையின் முதுகில் சீல் குத்தி, அவளிடம்கூடக் காட்டாமல் பெயிண்டரிடம் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் ஒரு சுவர் முடிந்திருந்தது. டியூப் லைட்டைப் போட்டோம். அம்மை போட்ட பிள்ளைக்குத் தடவும் ரோஸ் லோஷனைச் சுவர் முழுக்கத் தடவினதுபோல் இருந்தது. எந்த வெளிச்சத்தில் பார்த்தேன் என்று மனைவி கேட்டாள். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"ஏனுங்க, நம்ம ஊட்டுச் சுவத்தை மடிச்சுப் பொட்டி கட்டி, கப்பல்ல ஏத்தப் போறீங்களா?"

ஏணி மேலிருந்த பெயிண்டர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ஏத்தறதுன்னா சைஸ் லேபிள் எங்க ஒட்டறதுன்னு சொல்லிப்போடுங்கண்ணா."

மறுநாள் அவளே சோதனையில் இறங்கினாள். எதிர்ச் சுவரில் ஒரு முழத்துக்கு வெண்ணெயை அடிக்கச் சொல்லி, காலை வெயிலில் பார்த்தாள், மதியம் ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள், விளக்கு வைத்த பிறகும் பார்த்தாள். பெட்டியும் இல்லை, சீலும் இல்லை. என்னைக் கிட்டேயே விடவில்லை.

இரண்டே நாளில் ஹால் முழுக்க வெண்ணெய். அவள் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். எந்த மூலையிலும் கண் தடுக்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு சுற்றும் சுற்றினாள். பிரமாதமாக இருக்கிறது என்றேன்.

"உங்களை யாருங்க கேட்டா?" என்று சிரித்துக்கொண்டே மூன்றாவது சுற்றை ஆரம்பித்தாள்.