ஷோகேஸில் இருந்த வைன்

இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. லண்டனில் என்னோடு வேலை செய்த மரியா, ஸ்பெயினின் கலீசியாக்காரி. 2003இல் ஊருக்குப் போய்வந்தபோது, தன் அப்பா செய்த வெள்ளை வைனில் ஒரு போத்தல் தந்தாள்.

"நல்ல சாமான். ஆரும் பெரியாக்கள் வந்தால் எடுப்பம்" என்று என் மனைவி அதை ஷோகேஸில், கலியாணத்துக்கு வந்த கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைன் பழசானால்தான் ருசி என்று நானும் நம்பினேன்.

நான்கு வருடம் கழித்து, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு மரியா சாப்பிட வந்தாள். போத்தலைப் பெருமையோடு எடுத்துக் காட்டினேன். அவள் முகம் மாறியது.

"இது செய்த அடுத்த கோடைக்குள்ளேயே குடித்து முடிக்கிற வைன்" என்றாள் மெதுவாக.

அவள் ஊரில் கடலோர ஈரத்தில் பழம் அழுகாமலிருக்க, கல்தூண் நட்டுத் திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றுவார்களாம். தலைக்கு மேல் கைநீட்டியே அத்தனை குலையையும் பறிப்பார்களாம். அவ்வளவு பாடும் அந்தப் புது வாசனைக்காகத்தான்.

நான் கூனிக்குறுகிப் போனேன். அவளோ தேன் நிறமாகிவிட்ட அந்த வைனை எங்கள் எல்லோருக்கும் ஊற்றி, தன் பங்கை மிச்சம் விடாமல் குடித்தாள். "எல்லோரும் சேர்ந்து குடித்தோம் என்று அப்பாவிடம் சொல்கிறேன்" என்றாள்.

அவள் போனதும் மனைவி ஷோகேஸைத் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்தக் கோப்பையள் ஆருக்காகக் கிடக்குது?"

அன்றுதான் முதன்முதலாக அவற்றில் தேநீர் குடித்தோம்.